சங்கரன்கோவில் அக்கா கடை: ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட நம்பிப் போகலாம்

சங்கரன்கோவிலில் ரயில் நிலையம் போகும் சாலையில், மாவு மில்லுக்கு அடுத்த கதவு. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தே தெரியாது. ஜெராக்ஸ், பிரவுசிங், லேமினேஷன் என்று கண்ணாடியில் ஒட்டியிருப்பதுதான் அடையாளம். மாவு மில்லில் நின்று ‘அக்கா கடை’ என்று கேட்டால் கை காட்டுவார்கள். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), பி.டி. (பட்டதாரி ஆசிரியர்), பி.ஜி. (முதுகலை ஆசிரியர்) என்று எந்த ஆசிரியர் தேர்வாக இருந்தாலும் விண்ணப்பம் போட இந்தக் கடைக்குப் போங்கள். கூடக் கொஞ்சம் நேரம் ஆகும், அது ஒன்றுதான்.

விண்ணப்பம் போடுவதில் என்ன இருக்கிறது, போனிலேயே போட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு நான் கொடுத்த விலை பெரியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வரலாறு படித்தவள். பி.ஏ., எம்.ஏ., பி.எட். மூன்றும் தமிழ்வழி. 2017 ஏப்ரலில் நடந்த டெட் இரண்டாம் தாளில் 150க்கு 94 எடுத்தேன். எங்கள் பிரிவுக்கு 82 இருந்தால் போதும். அன்று வேலையே கிடைத்துவிட்ட மாதிரி அப்பா தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எங்கள் பெரியப்பா மகளுக்கு அப்படித்தான் வேலை வந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தார், பதிவு மூப்பில் ஒருநாள் கடிதம் வந்தது, போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு அது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதை அவருக்குப் புரிய வைக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

2012 ஜூலையில் முதல் டெட் நடந்தபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள். அதே அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி வைத்தார்கள். அப்புறம் வெயிட்டேஜ் வந்தது. டெட் மார்க்கோடு பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த மார்க்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். 2018இல் வந்த 149ஆம் எண் அரசாணை, டெட் தேர்ச்சி தகுதி மட்டும்தான், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. அந்தத் தேர்வு எங்களுக்கு வந்து சேர்ந்தது 2024 பிப்ரவரி 4ஆம் தேதி. கிட்டத்தட்ட ஏழு வருடம். அதுவரை ஒரு தனியார் பள்ளியில் மாதம் 11,000 ரூபாய்க்குப் பாடம் எடுத்தேன். கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது.

அந்தத் தேர்வுக்கு 2023 நவம்பரில் விண்ணப்பித்தேன். அப்போது வேறொரு ஊரில் இருந்தேன். பள்ளிவிட்டு வரும் வழியில் ஒரு கணினி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி வேகமாகத் தட்டினான். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கி ஸ்கேன் செய்தான், நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திரையின் முதுகைத்தான் பார்த்தேன். இருபது நிமிடத்தில் பணம் கட்டிய ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, முடிந்தது டீச்சர் என்றான். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2010இல் வந்த சட்டம். பிறகு 2020இல் அதைத் திருத்தி, பட்டப் படிப்பு மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் அது முதல் வகுப்பிலிருந்தே என்று ஆனது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தொடங்கிய எனக்கு அது எந்தக் கவலையும் இல்லாத நிபந்தனை. விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கேள்வி, ஆம் அல்லது இல்லை. அந்தத் தம்பி ‘இல்லை’ போட்டிருக்கிறான். என்னிடம் கேட்கவில்லை. நானும் முழு விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துத் தா என்று கேட்கவில்லை. தேர்வு முடிந்து, மதிப்பெண் வந்து, சான்றிதழ் சரிபார்ப்புப் பட்டியலில் என் எண் இல்லாதபோதுதான் விண்ணப்பத்தைத் தேடி இறக்கிப் படித்தேன். என்னோடு பி.எட். படித்த தோழி என்னைவிட மூன்று மார்க் குறைவு. தமிழ்வழி ஒதுக்கீட்டில் அவள் சரிபார்ப்புக்குப் போனாள். இன்று ஒரு மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு மனநிறைவுதான். ஆனால் அந்த ‘இல்லை’யை நினைத்தால் இப்போதும் வயிறு பிசைகிறது.

பிறகு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தோம். 2025 ஜூலை 10ஆம் தேதி முதுகலை ஆசிரியர் தேர்வு அறிவிக்கை வந்தது, 1,996 இடங்கள், ஆகஸ்ட் 12 கடைசி நாள். இந்த முறை பக்கத்து வீட்டு மதினிதான் அக்கா கடையைச் சொன்னார். “மெதுவாத்தான் செய்வா. ஆனா தப்பு வராது.”

முதல் நாள் போனபோதே வித்தியாசம் தெரிந்தது. இரண்டு கணினி. ஒவ்வொன்றிலும் திரை வாடிக்கையாளர் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. அக்கா கழுத்தைச் சாய்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார், நாம் நேராக உட்கார்ந்து பார்க்கிறோம். இவ்வளவு சின்ன விஷயம்! நான் இழந்த இரண்டு வருடம் அந்தத் திரை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதில்தான் இருந்தது.

போனவுடன் கணினியைத் தொடவே இல்லை. “எல்லா ஒரிஜினலையும் மேசையில பரத்து” என்றார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை முதலில் எடுத்தார். அதிலிருக்கும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, இந்த மூன்றையும் ஒரு பழைய டைரித் தாளில் எழுதினார். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பி.ஏ., எம்.ஏ., பி.எட்., சாதிச் சான்றிதழ், ஆதார் என்று ஒவ்வொன்றையும் அந்தத் தாளோடு ஒப்பிட்டு டிக் போட்டார். என் பி.எட். சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், மற்றவற்றில் முன்னால். “இது பரவாயில்ல. எழுத்து மாறியிருந்தாத்தான் கஷ்டம்” என்றார். இதற்கே கால் மணி நேரம்.

எனக்கு முன்னால் இருந்த பெண்ணை அன்று திருப்பி அனுப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த சாதிச் சான்றிதழில் கணவர் பெயர் இருந்தது. தகப்பனார் பெயரில் இருக்க வேண்டும், தாலுகா ஆபீசில் மாற்றி வாங்கிவிட்டு வா, நாள் இருக்கிறது என்றார். அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள், முகம் வாடிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் விண்ணப்பம் போடும் கூலி 150 ரூபாயை வாங்கிக்கொண்டு அப்படியே ஏற்றி அனுப்பியிருந்தால், அந்தப் பெண்ணுக்கு அது சரிபார்ப்பு நாளில்தான் தெரிந்திருக்கும்.

என்னையும் திருப்பித்தான் அனுப்பினார். தமிழ்வழி என்றேன். சான்றிதழ் எங்கே என்றார். டிக் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாமே என்றேன். “கையில இல்லாததுக்கு ஆம்னு போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, படிவத்தில் ஆறு பிரதி எடுத்துக் கொடுத்தார். தொடக்கப் பள்ளி, நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை, கல்லூரி, பி.எட். கல்லூரி. ஒவ்வொன்றிலும் படித்த ஆண்டு, வகுப்பு, பயிற்றுமொழி எழுதி, தலைமையாசிரியரோ முதல்வரோ கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். தேதி போட மறக்கிறார்கள், பார்த்து வாங்கு என்று சேர்த்துச் சொன்னார். அந்த ஆறு தாளுக்கும் சேர்த்து 12 ரூபாய்தான் வாங்கினார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளி எங்கள் அம்மா ஊரில். இப்போது இருபது பிள்ளைகளும் இல்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்ததில்லை, நான் படித்ததற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா, பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுக்கப் போனார். பீரோவின் அடித்தட்டில் இருந்தது. காக்கி அட்டை, முதுகில் துணி ஒட்டியது, ஓரமெல்லாம் பூச்சி அரித்த பொட்டுப் பொட்டான ஓட்டைகள். விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். என் பெயர். பக்கத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து, நீல மை ஊறிப்போய். அப்பா ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பிரித்து எழுதுவார், கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. போன் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளட்டுமா சார் என்று கேட்டேன். பிடிச்சுக்கோம்மா என்றார். முத்திரை குத்தி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

ஆறு சான்றிதழும் சேர ஒன்பது நாள் ஆனது. இரண்டு நாள் விடுப்புக்குச் சம்பளம் பிடித்தார்கள். இடையில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், ஊரே நிறைந்து கிடந்தது, பேருந்து கிடைக்கவில்லை. திரும்ப அக்கா கடைக்குப் போனபோது கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது.

அன்றுதான் விண்ணப்பம் போட்டோம். மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் உன்னுடையதுதான் போட வேண்டும் என்றார். சில கடைகளில் அவசரத்துக்குக் கடையின் மின்னஞ்சலைப் போட்டுவிடுகிறார்கள், பிறகு ஹால் டிக்கெட் எடுக்கவே அந்தக் கடைக்காரரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கடவுச்சொல்லை என்னையே தட்டச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகைப்படம் கடைச் சுவரிலேயே, வெள்ளைத் துணி கட்டிய இடத்தில் நிற்கவைத்து எடுத்தார். கையெழுத்துக்கு வெள்ளைத் தாளும் கறுப்பு மைப் பேனாவும் தந்தார். முதல் கையெழுத்து நடுங்கிவிட்டது. “இன்னொண்ணு போடு, தேர்வு அறையிலயும் இதே கையெழுத்துத்தான் போடணும்” என்றார். இரண்டாவது நன்றாக வந்தது.

ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் என்னையே சத்தமாக வாசிக்கச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது மாதிரியே, வரிக்குக் கீழே விரல் வைத்து வாசி என்றார். பட்டம் பெற்ற தேதி, சான்றிதழ் எண், எடுத்த மார்க், எல்லாவற்றையும் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எம்.ஏ. தேர்ச்சி மாதத்தை நினைவிலிருந்து ஏப்ரல் என்று சொல்லிவிட்டேன். சான்றிதழில் மே. “மனசுல இருக்கறதச் சொல்லாத, தாள்ல இருக்கறதச் சொல்லு.” தமிழ்வழிக் கேள்வி வந்ததும் அவரே கையை எடுத்துவிட்டு, மவுசை என் பக்கம் நகர்த்தினார். என் கதையை முதல் நாளே சொல்லியிருந்தேன். ‘ஆம்’ என்பதை நானே அழுத்தினேன்.

தேர்வுக் கட்டணம் 600 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 300. என் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டச் சொன்னார். முதல் முறை பணம் போய்விட்டது, ஆனால் விண்ணப்பத்தில் கட்டியதாகக் காட்டவில்லை. நான் பதறிவிட்டேன். மறுபடி கட்டிவிடலாமா என்றேன். பேசாமல் இரு என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அடுத்தவர் வேலையைப் பார்த்துக்கொண்டே அரை மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தார். ஒன்றரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கடைசி நாள் என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எங்கே போவது? இதனால்தான் கடைசி நாளில் மதியத்துக்கு மேல் புது விண்ணப்பம் எதையும் அவர் தொடங்குவதில்லை. சிலர் அதற்குச் சண்டை பிடிக்கிறார்கள். அக்கா செய்வது சரி என்றே நான் சொல்வேன்.

முடித்ததும் முழு விண்ணப்பத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார், இன்னொன்று என் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். ஸ்கேன் செய்த கோப்புகளை என் பென்டிரைவில் ஏற்றிவிட்டுத் தன் கணினியிலிருந்து அழித்தார், அழித்ததைக் காட்டவும் செய்தார். விண்ணப்பத்துக்கு 150, ஸ்கேனுக்கும் பிரிண்டுக்கும் 70. மொத்தம் 220 ரூபாய்.

இவ்வளவு நுணுக்கம் எப்படி என்று கேட்டபோதுதான் சொன்னார். அவரும் டி.டி.எட். என்ற ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்தவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவு மூப்பில் வரிசை நகர்ந்துகொண்டே வந்த நேரத்தில் டெட் வந்தது. இரண்டு முறை எழுதினார். பிறகு பிள்ளைகள், கடை. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் சித்தி மகளுக்கு டெட் விண்ணப்பம் போட மறுபடி போனேன். உட்கார இடமில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்ற தீர்ப்பு. கடை முழுக்க வேலையில் இருக்கும் ஆசிரியர்கள். வரிசையின் கடைசியில் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் எடுத்த டீச்சர் நின்றார். நான் வரலாறு படித்ததே அவரால்தான். “ஏட்டி, நீயா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு மஞ்சப்பை, அதில் இருபது வருடத்துக்கு முந்தைய சான்றிதழ்கள், மடித்த மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்தன. அக்கா அவற்றை மடிப்பு மடிப்பாக நீவி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகுதான் ஸ்கேனரில் வைத்தார். டீச்சருக்கு வெள்ளெழுத்து, கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் இருந்ததை வரி வரியாக வாசித்தேன். சரி, சரி, அடுத்து என்று அவர் சொன்னார். வகுப்பில் என்னை எழுப்பிவிட்டுப் பாடம் வாசிக்கச் சொல்லும்போது சொல்வாரே, அதே குரல்.

குறையும் சொல்ல வேண்டும். மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை கடை பூட்டியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் மாலைதான் வர முடியும், அப்போது கூட்டம். நாற்காலி நான்குதான். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழ் ஒரு இடம் ஒதுக்கினால் நல்லது. ஒரு விண்ணப்பத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, அதனால் அவசரக்காரர்கள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். தகுதி பற்றிய சந்தேகங்களை அக்காவிடம் கேட்காதீர்கள். என் பட்டம் அந்தப் பாடத்துக்கு இணையானதா, அதற்கு இணைச் சான்று வேண்டுமா என்று ஒருவர் கேட்டபோது, “அது எனக்குத் தெரியாது, அறிவிக்கையைப் படிச்சுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். சிலருக்கு அது எரிச்சல். எனக்கோ, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கடைக்காரரைப் பார்த்ததில் நிம்மதி.

போகிறவர்கள் அறிவிக்கையை வீட்டிலேயே முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். எல்லா ஒரிஜினலும் வேண்டும், நகல் கொண்டு போனால் திருப்பி அனுப்புவார். தமிழ்வழி என்றால் சான்றிதழ் வாங்கும் வேலையை அறிவிக்கை வருவதற்கு முன்பே தொடங்குங்கள், படித்த பள்ளி மூடிவிட்டிருந்தால் யாரிடம் வாங்குவது என்று விசாரிக்கவே நாள் பிடிக்கும். செல்பேசியில் சார்ஜ் இருக்கட்டும், ஓ.டி.பி. வரும்.

எனக்குத் தேர்வு 2025 அக்டோபர் 12 என்று இருந்தது. முதலில் செப்டம்பர் 28 என்றிருந்து, பிறகு தள்ளிப் போனதுதான் அது. தமிழ்த் தகுதித் தேர்வு 30 கேள்வி, அதன்பின் முதன்மைத் தாள் 150. ஹால் டிக்கெட் வந்ததும் அக்கா கடையில்தான் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். வண்ணத்தில் எடுத்தால் 10 ரூபாய், கறுப்பு வெள்ளை 5. புகைப்படம் தெளிவாக விழ வேண்டும், வண்ணத்திலேயே எடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.